நாற்காலிக்குப் போகும் வழி



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் புகழைப் பேசிவிட்டுக் கலைவது வழக்கம். நம் பிள்ளைகள் எதைப் படிப்பது, படித்து என்ன செய்வது என்று இந்த மாலையில் பேசுவதே நாம் செலுத்தும் மரியாதை என்று கருதுகிறோம்.

அரசியல் அறிவியலில் இடம் கிடைத்திருக்கிறது என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி: “இதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?” கூலிக்குப் போய்ப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தாயின் கேள்வி அது. நேராகவே பதில் சொல்வோம். பட்டம் மட்டும் வேலை தராது, வழிகளைத் திறக்கும். பட்டம் முடித்து மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். குடிமைப் பணித் தேர்வில் இதையே விருப்பப் பாடமாக எழுதலாம். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் கேட்கப்படுகிறது. முதுகலை முடித்து நெட், செட் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு முயலலாம். இதழியலும் ஆய்வும் இருக்கின்றன.

ஆனால் வேலை கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கு 1917இல் பரோடா அரசில் பதவி கிடைத்தது. தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. 1919இல் அவர் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்து, தீண்டப்படாத மக்களுக்கு வாக்குரிமையும் பிரதிநிதித்துவமும் கேட்டார். பதவியால் கிடைக்காததை அதிகாரத்தில் பங்கு கேட்டுப் பெற வேண்டும் என்ற அரசியல் அது.

நம் மண்ணுக்கு வருவோம். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு இட ஒதுக்கீடு தந்தது. மேலவளவில் தலைவரான முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. தேர்தல் நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலக வைக்கப்பட்டார். இயக்கங்களின் தொடர்ந்த போராட்டமும், மாவட்ட நிர்வாகம் காட்டிய உறுதியும் சேர்ந்தபோதுதான் 2006இல் நிலைமை மாறியது. சட்டம் அப்போதும் அதே சட்டம்தான்.

சட்டத்துக்கும் நாற்காலிக்கும் இடையில் நிற்பது யார், அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது? நாம் படிக்க வேண்டிய அரசியல் அறிவியல் இதுதான். இதைப் படித்தவர் வழக்கறிஞராகவும், வட்டாட்சியராகவும், செய்தியாளராகவும், ஊராட்சித் தலைவராகவும் வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கமும் நம்மவர் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்கவும் நம்மவர் இருக்க வேண்டும்.

பாடத்தை இன்றே தொடங்கலாம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையிலான விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது? எத்தனை வழக்குகளை ஆராய்ந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், அதுவும் பாடம்தான்.

அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது, மாவட்ட வாரியாக அந்தப் பதில்களை மேசையில் பரப்பி வைத்துப் பேசுவோம்.

ஜெய்பீம்.