ஒளியின்றித் துடிக்கும் விழித்திரை



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மீனவ மக்களுக்கு மாலைக்கண் என்ற சொல் புதியதன்று. கொட்டியாரக் குடாவில் இரவில் வலை வீசும் ஒருவனுக்கு, பொழுது சாய்ந்ததும் கரை தெரியாது போகுமாயின் அவனுடைய பிழைப்பு என்னாவது?

இக்குறை இருவகையாக வரலாம். உயிர்ச்சத்து 'ஏ' குறைவதால் வருவது ஒன்று. அது தக்க உணவாலும் மருந்தாலும் நீங்கும். மற்றையது பரம்பரையாக வருவது. விழித்திரையிலுள்ள ஒளியுணர் கலங்கள் சிறிது சிறிதாக மடிவதால் உண்டாகும் அந்நோயை ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா என்பர் மருத்துவர். உலகில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவரை அது பீடிக்கின்றது. மச்சானும் மச்சாளும் மணம் புரியும் வழக்கமுள்ள குடும்பங்களில், அதன் சில வகைகள் தோன்றுவதற்கு வாய்ப்பு அதிகம்.

முதலில், மங்கிய ஒளியில் காண உதவும் கோல்கள் மடிகின்றன. பின்னர்ப் பக்கப் பார்வை சுருங்கி, குழாயினூடே பார்ப்பது போலாகின்றது. ஈற்றில் கூம்புகளும் அழிகின்றன. அவ்வாறாயின், விழித்திரை அடங்கிவிடுகின்றதா? இல்லை என்பதே வியப்பு.

1924 இல் அமெரிக்க அறிஞர் கிளைட் கீலர், கோல்களற்ற சுண்டெலிகளைப் பற்றி எழுதினார். அத்தகைய பரம்பரைக் குறையுடைய சுண்டெலிகளின் விழித்திரையைப் பிற்கால அறிஞர் மின்வாய்கள் கொண்டு ஆராய்ந்தனர். ஒளி சிறிதும் படாத வேளையிலும், மூளைக்குச் செய்தி அனுப்பும் திரட்டுக்கலங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 10 தடவை தாளத்தோடு துடிக்கக் கண்டனர்.

இத்தாளம் எங்கே பிறக்கின்றது? உள் விழித்திரையில் அமக்கிரைன் கலங்கள் சிலவும் இருமுனைவுக் கலங்கள் சிலவும் மின்பிணைப்புகளால் இணைந்துள்ளன. துறையிலே ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்த தோணிகளை எண்ணிப் பாருங்கள். ஒளியுணர் கலங்களிலிருந்து வரும் செய்தி அவற்றுக்கு நங்கூரம் போன்றது. நங்கூரம் அறுந்ததும் ஒன்றின் அசைவு மற்றதைத் தொற்றி, எல்லாம் ஒருங்கே ஆடத் தொடங்குகின்றன. பிணைப்புகளை மருந்தால் தடுத்தால் ஆட்டம் நிற்கின்றது. 2011 இல் வெளியான ஆய்வொன்று இக்கலவலையையே தாளத்தின் பிறப்பிடமாகக் காட்டிற்று.

இதனால் நோயாளிக்கு என்ன? பார்வை குன்றியவர் பலர், கண்ணுக்குள் ஒளிப்பொறிகள் மினுங்குவதாகக் கூறுவர். அதைச் சித்தப்பிரமை என்று வீட்டார் தள்ளிவிடலாகாது. விழித்திரையின் இத்துடிப்பும் அதற்கொரு காரணமாகலாம் என்று கருதப்படுகின்றது.

1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தானச் சங்கத்தால் இலங்கையின் கருவிழிப்படலங்கள் பல நாடுகளுக்கும் சென்றன. ஆயின் விழித்திரையை அவ்வாறு மாற்றிப் பொருத்த இயலாது. பரம்பரையலகு மருத்துவம் ஒன்று 2017 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும், அது ஒரே பரம்பரையலகின் குறைக்கே உரியது. ஏனையோருக்கு மின்வாய்களால் பார்வையூட்ட முயலும்போது, இத்துடிப்பு சந்தை இரைச்சலாகிப் புதிய செய்தியை மூழ்கடிக்கக்கூடும். 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், பிணைப்புகளைத் தடுத்தபோது நோயுற்ற சுண்டெலி விழித்திரையில் ஒளியுணர்வு ஓரளவு மீண்டது. மனிதருக்கான மருந்தன்று அது. ஆயினும், ஒளியுணர் கலங்கள் மடிந்தபின்னும் உள் நரம்புகள் உயிரோடிருக்கின்றன என்பது நம்பிக்கை தரும் செய்தி.

ஈற்றில் ஓர் எச்சரிக்கை. திடீரென ஒளிப்பொறிகளும் கரும்புள்ளிகளும் தோன்றினாலோ, திரை விழுந்தாற்போல ஒரு பக்கம் மறைந்தாலோ, விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றே கண் வைத்தியரை நாடுங்கள். மாலைக்கண் உள்ள வீட்டில் பிள்ளைகளின் கண்களையும் காலத்தே பரிசோதிப்பியுங்கள்.