நிற்கும் இடமும் இடும் கட்டளையும்

புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கும் படகு செல்கிறது. நயினாதீவுக்கும் படகு செல்கிறது. “புறப்படுக” என்னும் கட்டளை இரண்டுக்கும் ஒன்றே. எப்படகில் நின்று அது இடப்படுகிறதோ, அப்படகுக்குரிய தீவே வந்து சேரும். கணினிக்கு எழுத்தால் இடும் கட்டளையின் இயல்பும் இத்தகையதேயாகும்.

அக்கட்டளையை ஏற்று நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையால் இது பெரிதும் பரவிற்று. ஷெல் எப்பொழுதும் ஏதேனும் ஒரு கோப்புறையில் நின்றே தொழிற்படும். கோப்பின் பெயரை மட்டும் சொன்னால், தான் நிற்கும் கோப்புறையிலேயே அதனைத் தேடும்.

இந்நுணுக்கம் தீவகத்தாருக்கு எதற்கு என்று வினவலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுக்கு மறுபடி இல்லையேல் ஏடும் இல்லை என்பது அன்று கற்ற பாடம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், ஈழத்து ஏடுகளை மின்வடிவிற் காத்து வருகின்றது.

நெடுந்தீவுப் பாடசாலை ஒன்றின் பழைய மலர்களை ஒருவர் படமெடுத்துச் சேர்க்கிறார் என்று கொள்வோம். ‘மூலம்’ என்றொரு கோப்புறை. ‘தற்காலிகம்’ என்றொரு கோப்புறை. “இங்குள்ள படங்களையெல்லாம் நீக்குக” என்னும் கட்டளை பின்னதற்கு உரியது. முன்னதில் நின்று அதனை இட்டால், மூலப் படங்கள் யாவும் மறையும். ஷெல்லின் நீக்கற் கட்டளை குப்பைக்கூடைக்கு அனுப்பாது நேரே அழித்துவிடும்.

இதனைத் தடுப்பதற்குச் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று போதும். அது மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, வேண்டிய கோப்புறையின் முழுப் பாதையையும் மேற்கோட்குறிக்குள் எழுதி, ‘சிடி’ என்னும் கட்டளையால் அங்கே செல்லுதல். இரண்டாவது, கோப்புறை காணப்படாவிடின் மேலே செல்லாது நின்றுவிடுதல். மூன்றாவது, சென்ற இடத்திலேயே புதிய ஷெல் ஒன்றைத் திறத்தல்.

மூன்றாவது ஏன் வேண்டும்? வழக்கமான முறையில் ஓடும் ஸ்கிரிப்ட், தனக்கென ஒரு தனி ஷெல்லில் ஓடுகிறது. அது முடிந்ததும் அதன் இடமாற்றமும் முடிந்துபோம். அழைத்தவர் பழைய இடத்திலேயே நிற்பார். புதிய ஷெல்லை அங்கே திறந்துவிட்டாலோ, அவர் உரிய கோப்புறையிலேயே வேலையைத் தொடரலாம். விண்டோஸ் முறைமையில், ‘சிஎம்டி’ என்னும் ஷெல்லைச் சாய்கோட்டுடன் ‘கே’ என்னும் எழுத்தையும் இட்டுத் தொடங்கினால், கட்டளை நிறைவேறிய பின்னும் சாளரம் திறந்தே நிற்கும்.

யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ‘பிடபிள்யூடி’ என்று எழுதினால், ஷெல் தான் நிற்கும் இடத்தைச் சொல்லும். நீக்கற் கட்டளைக்கு முன் அதனை ஒருமுறை கேட்டறிதல் நன்று. மூலப் படங்களின் மறுபடி ஒன்றை வேறொரு வட்டில் வைத்தல் அதனினும் நன்று. ஸ்கிரிப்ட் இடந்தவறாமற் காக்கும். தவறியபின் காப்பது மறுபடி ஒன்றே.