கைப்பக்குவத்துக்கு என்ன சம்பளம்?



இண்டைக்கு நான் ஒரு காதல் கதையைப் பற்றிக் கதைக்கப் போறன். விக்டோரியா காலத்து இங்கிலாந்து. பெரிய வீடு. கீழ்த்தளத்தில் குசினி, அங்கே கைப்பக்குவம் நிறைஞ்ச ஒரு சமையல்காரி. மேலே நீள மேசையில் தனியே இருந்து சாப்பிடுகிற முதலாளி. ஒரு நாள் சூப்பை வாயில் வைச்சவர் அப்பிடியே நிற்கிறார். "இதை ஆர் சமைச்சது?" என்று கேட்கிறார். அதுக்குப் பிறகு 300 பக்கம். கடைசியில் கல்யாணம்.

ஷெரி தாமஸ் எழுதி 2008இல் வந்த 'டெலிஷியஸ்' இந்த வகைதான்: சமையல்காரியும் அவவின் முதலாளியும். உங்களில் சிலபேர் வாசிச்சிருப்பீங்கள். இதை வாசிக்கிறவையை நக்கலடிக்க நான் வரேல்லை. இந்தக் கதைகள் ஏன் பிடிக்குது என்று எனக்கு விளங்குது. சமைச்ச கையை உலகம் பார்க்கிறதில்லை. இங்கே ஒரு ஆள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, சமைச்சது ஆர் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்காகத்தான் சனம் வாசிக்குது. ஆனால் அதுக்கு அடுத்த கேள்வி கதையில் வராது. உனக்கு எவ்வளவு சம்பளம்?

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கு. 1861இல் மிஸ்ஸிஸ் பீட்டன் வெளியிட்ட வீட்டு நிர்வாகப் புத்தகத்தில் வேலைக்காரருக்கான சம்பளப் பட்டியல் ஒன்று வருது. பெண் சமையல்காரிக்கு வருசத்துக்கு 14 முதல் 30 பவுண். ஆண் சமையல்காரருக்கு 20 முதல் 40. எல்லா வேலையையும் தனியே செய்கிற வேலைக்காரிக்கு 9 முதல் 14. அடுப்பு ஒன்று, கை வேறு, கூலியும் வேறு.

இன்னுமொரு வழக்கம். கல்யாணம் ஆகாத சமையல்காரியையும் அந்த வீடுகளில் 'மிஸ்ஸிஸ்' என்றுதான் கூப்பிடுவினம். பெயரில் கல்யாணம் இருக்கும், வாழ்க்கையில் இருக்கக் கூடாது. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களிலேயே, பின்னால் ஆண்கள் வரக் கூடாது என்று போடுவினம். வேலைக்காரி ஒருத்தனை விரும்பினால் வேலை போகலாம். அந்த வீட்டில் காதலிக்க அனுமதி உள்ள ஆள் முதலாளி மட்டும்தான். அவர் சமையல்காரியை விரும்பினார் என்று கதை சொல்லுது. சரி. அவ இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த நாள் அவ எங்கே படுத்திருப்பா? வேலையும் கூரையும் ஒரே ஆளின் கையில் இருக்கேக்க, ஓம் என்ற சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி?

சார்லட் புரொண்டேக்கு இது விளங்கியிருக்கு. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில், அந்த வீட்டில் பிள்ளைக்குப் படிப்பிக்க வந்த ஜேன், தனக்கென்று முதுசக் காசு கிடைத்த பிறகுதான் முதலாளியிடம் திரும்பிப் போறா. முதலில் சொந்தக் காசு, பிறகு காதல்.

கதையை விட்டு உண்மையான ஒரு ஆளிட்ட வருவம். ஹன்னா கல்விக். 1833இல் ஷ்ரொப்ஷயரில் பிறந்தவ. 8 வயதில் வேலைக்குப் போனா. பானை கழுவினா, நிலம் தேய்ச்சா, சமையல்காரியாயும் இருந்தா. 1854இல் லண்டனில் ஆர்தர் மன்பி என்ற படித்த, பிறகு அரச வேலைக்குப் போன கனவானைச் சந்திச்சா. 18 வருசத்துக்கு மேல் ஒளிச்சு மறைச்சு ஒரு உறவு. கடைசியில் அவருடைய வீட்டுக்கே வேலைக்காரியாக வந்தா. 1873 ஜனவரியில் ரகசியமாகக் கல்யாணம். வெளி ஆக்களுக்கு அவ அதுக்குப் பிறகும் வேலைக்காரிதான்.

இந்த உறவு லேசானது இல்லை. மன்பி கேட்டுத்தான் ஹன்னா நாட்குறிப்பு எழுதினா. ஒவ்வொரு நாளும் எத்தனை சப்பாத்து துடைச்சது, எவ்வளவு அழுக்கு என்று எழுதி அவருக்கு அனுப்பினா. கழுத்தில் பூட்டுப் போட்ட சங்கிலி, திறப்பு அவரிடம். அவரை 'மஸ்ஸா' என்று கூப்பிட்டா. இது அடிமைத் தோட்டங்களில் எசமானைக் கூப்பிட்ட சொல். ஹன்னாவுக்கும் இதில் விருப்பம் இருந்ததா, எவ்வளவு இருந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கினம். நான் இண்டைக்கு அதுக்குத் தீர்ப்புச் சொல்ல வரேல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேற. கல்யாணத்துக்குப் பிறகு ஹன்னா என்ன கேட்டா? தனக்குச் சம்பளம் தொடர்ந்து தரவேணும் என்றா. தன் பெயரை மாத்தேல்லை. சேமிச்ச காசைத் தன் கையிலேயே வைச்சிருந்தா. 1882இல் சட்டம் மாறும்வரை, கல்யாணம் கட்டிய இங்கிலாந்துப் பெண்ணின் சொத்தில் பெரும்பகுதி புருஷனுடையது. அந்தக் காலத்தில், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஒரு வேலைக்காரிக்கு இது தெளிவாத் தெரிஞ்சிருக்கு: மனைவி ஆனால் வேலை போகாது, சம்பளம் மட்டும்தான் போகும்.

1920இல் ஆர்தர் பிகூ என்ற பொருளியலாளர் இதையே ஒரு புதிராக எழுதினார். ஒருவர் தன் வீட்டைப் பார்க்கிறவளையோ சமையல்காரியையோ கல்யாணம் கட்டினால், நாட்டின் வருமானக் கணக்கு குறைஞ்சு போகும். அதே கை, அதே சோறு. ஆனால் சம்பளம் இல்லாதபடியால் கணக்கில் இல்லை. அவருக்கு அது கணக்கில் வந்த ஒரு சிக்கல். ஹன்னாவுக்கு அது வாழ்க்கை.

இப்ப, ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு இது எதுக்கு என்று கேட்பீங்கள். 'மஸ்ஸா' என்ற அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. ஹன்னா பிறந்த அதே 1833இல்தான் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அடிமைகள் போன இடத்துக்குக் கூலிகள் தேவைப்பட்டினம். தமிழ்நாட்டுச் சனம் மொரீசியஸுக்கும் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் கொண்டுபோகப்பட்டது அந்தக் காலத்தில்தான். 1871இல் இலங்கையில் வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்கிற சட்டம் ஒன்று வந்தது. சமையல்காரரும் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தின் கவலை வேலைக்காரர் களவெடுப்பினமோ என்பது. அவைக்குச் சம்பளம் ஒழுங்காக் கிடைக்குதா என்பது இல்லை. விக்டோரியா மகாராணி போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சட்டம் இலங்கையில் நெடுங்காலம் இருந்தது.

கரீபியனில் இருந்து வந்த பாதை நேரே இந்த நகரத்துக்கு வருது. 1955இல் கனடா, ஜமைக்காவில் இருந்தும் பார்படோஸில் இருந்தும் வீட்டு வேலைக்கு 100 பெண்களை எடுத்தது. நிபந்தனை என்ன தெரியுமா? வயது 18 முதல் 35. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. பிள்ளை இருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை. லண்டன் வீட்டு எசமானி சொன்ன அதே விதி, இந்த முறை ஒரு அரசாங்கம் சொல்லுது. வந்தவர்களில் கனபேர் ஊரில் ஆசிரியர்களாகவும் அரச ஊழியர்களாகவும் இருந்தவை. 1960இல் கிரெனடாவில் இருந்து அப்பிடி வந்த ஆசிரியை ஜீன் ஒகஸ்டின், 1993இல் கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

எல்லாருக்கும் அப்பிடி அமையேல்லை. 1977இல், வரேக்க பிள்ளைகள் இருக்கினம் என்று சொல்லேல்லை என்பதுக்காக 7 ஜமைக்கப் பெண்களை நாடுகடத்த உத்தரவு வந்தது. பிள்ளை இருக்கு என்று சொன்னால் வேலை இல்லை. சொல்லாவிட்டால் குற்றம். அவை விடேல்லை. வேலை செய்ய நாங்கள் தகுதி என்றால் இருக்கவும் தகுதிதான் என்று வீதியில் இறங்கிச்சினம். 1979இல் வென்றிச்சினம். அதே வருசம் ரொறன்ரோவில் வீட்டுப் பணியாளர் உரிமைக்காக 'இன்டர்சீட்' அமைப்பு தொடங்கினது. அதை வழிநடத்திய ஜூடித் ராமிரெஸ், அதுக்கு முன்னம் வீட்டுவேலைக்குச் சம்பளம் கேட்ட இயக்கத்தில் இருந்தவர். ஹன்னாவின் கோரிக்கை இந்த நகரத்தில் ஒரு அமைப்பாக நின்றிருக்கு, தோழர்களே.

பிறகு 1981இலும் 1992இலும் வந்த திட்டங்கள், முதலாளி வீட்டிலேயே தங்க வேணும் என்று கட்டாயப்படுத்தின. 2 வருச வேலைக்குப் பிறகுதான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். வந்தவர்களில் பெரும்பாலானோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். வேலை, கூரை, விசா மூன்றும் ஒரே வீட்டில். வீட்டிலேயே தங்க வேணும் என்ற அந்த விதி 2014இல்தான் எடுபட்டது. இண்டைக்கும் ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு இருக்கு, ஆனால் 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், தனியார் வீட்டில் வேலை செய்கிறவையை 3ஆம் பிரிவிலேயே வெளியே விட்டிருக்கு. அந்தச் சட்டத்தின் கீழ் அவை சங்கம் அமைக்க ஏலாது. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் வந்தது. கனடா அதை ஏற்கேல்லை.

இனி எங்கட பக்கம். 1983க்குப் பிறகு வந்த எங்கட சனத்தில் எத்தனை பேர் இந்த நகரத்து உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு சமையல்காரர் ஆனவை. அந்தக் கதையைப் பெருமையாச் சொல்லுறம், சொல்லவும் வேணும். ஆனால் ஊரில் எங்கட குசினிகளில் ஆர் நின்றது? யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வசதியான வீடுகளில் மலையகப் பிள்ளைகள் வேலைக்கு நின்றிச்சினம். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை, கொழும்பில் வேலைக்கு நின்ற வீட்டில் ஏற்பட்ட தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனா. 'எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் பார்த்தனாங்கள்' என்ற வசனத்தை நீங்கள் எல்லாரும் எங்கேயாவது கேட்டிருப்பீங்கள். 'மாதிரி' என்ற சொல்லுக்குள்ளதான் சம்பளம் காணாமல் போறது.

இங்கே ஸ்காபரோவில், வீட்டில் இருந்து இடியப்பமும் சம்பலும் ஓடருக்குச் செய்து கொடுக்கிற அன்ரிமார் இருக்கினம். விடிய 4 மணிக்கு அடுப்பு மூட்டுவினம். அவையின் சாப்பாட்டைப் புகழாத ஆள் இல்லை. 'அன்ரி, உங்கட கைராசி' என்று சொல்லிவிட்டு விலையில் 2 டொலர் குறைக்கச் சொல்லுவினம். புகழ்ச்சி மலிவு, அதால எல்லாரும் தருவினம்.

காதலும் அன்பும் பொய் என்று நான் சொல்லேல்லை. ஹன்னாவும் மன்பியும் சண்டை பிடிச்சு, 1877க்குப் பிறகு பெரும்பாலும் பிரிஞ்சு இருந்தினம். ஆனாலும் 1909இல் அவ சாகும்வரை அவர் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்பு இருந்திருக்கலாம். அன்பு இருக்கட்டும், சம்பளமும் இருக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கிற இடத்திலதான் எங்கட வேலை.

அதால நான் 2 விசயம் முன்வைக்கிறன். ஒன்று, தொழிலுறவுச் சட்டத்தில் இருக்கிற அந்த விலக்கை எடுக்கச் சொல்லி, வீட்டுப் பணியாளர் அமைப்புகளோடு சேர்ந்து நாங்கள் வேலை செய்யவேணும். பிலிப்பைன்ஸ், கரீபியன் தோழியர் இதில எங்களை விட 40 வருசம் முன்னால நிற்கினம். அவையிட்டக் கற்றுக்கொள்ளப் போவம். இரண்டு, எங்கட கூட்டங்களுக்கும் நினைவு நிகழ்வுகளுக்கும் வாற சாப்பாட்டுக்கு, செய்தவையின் நேரத்தைக் கணக்கெடுத்து, குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பம். வரவுசெலவில மண்டப வாடகைக்கு ஒரு வரி இருக்கு. சமைச்ச கைக்கும் ஒரு வரி போடுவம்.

இண்டைக்குப் பின்னால மேசையில் இருக்கிற சோறும் கறியும் எல்லாருக்கும் காணும். சாப்பிடேக்க ஆர் சமைச்சது என்று கேளுங்கோ. அதோட நிக்காமல் அடுத்த கேள்வியையும் கேளுங்கோ.