பெட்டி பொய்த்தால் பாட்டுப் பொய்க்கும்



காவிரி பாயும் தஞ்சை வளநாட்டில் ஒலிபெருக்கியை அறியாத சிற்றூர் ஒன்றும் இல்லை. மணவிழாவாயினும், காதணி விழாவாயினும், கோயிற் பெருவிழாவாயினும், பந்தற்கால் நடுமுன்பே தென்னை மரத்தின்மேல் கூம்புக்குழல் ஏறிவிடும். வைகறையில் அது முழங்கத் தொடங்கின், வயல் கடந்து நான்கு ஊர்க்குக் கேட்கும். ஆயின், அக்குழல் வழியே வரும் நாகசுரத்தில் கார்வை இல்லை. தவிலில் தொப்பியின் முழக்கம் இல்லை. இடைப்பட்ட அலறல் ஒன்றே எஞ்சி நிற்கும். ஊரைக் கூட்டுவது அதன் தொழில். உண்மையை உரைப்பது அதன் தொழிலன்று.

இன்று ஆராயப்புகும் பொருள், அதற்கு நேர்மாறான மற்றொரு பெட்டி. ஒலிப்பதிவுக் கூடத்தில், பதிந்த பாட்டைக் கேட்டுக் குற்றங்குறை தேர்வதற்கென்றே அமைந்தது அது. மேலை நாட்டார் 'மானிட்டர்' என்பர். அச்சொல்லின் இலத்தீன் வேர்க்கு 'எச்சரிப்போன்' என்பது பொருள். தமிழில் அதனைத் 'தேர்வொலிப் பெட்டி' என வழங்கலாம். 'ஆம்ப்ளிஃபையர்' எனப்படும் மின்பெருக்கியையும் தன் வயிற்றுக்குள்ளேயே கொண்டிருப்பது, தன்விசைத் தேர்வொலிப் பெட்டி. கடைத்தெருவில் விற்கும் பிற பெட்டிகள் கேட்பவர் செவிக்கு முகமன் கூறுவன. இல்லாத முழக்கத்தைக் கூட்டி, இருக்கும் குறையை மறைப்பன. தேர்வொலிப் பெட்டியோ, அரசன் முகம் சுளிப்பினும் இடித்துரைக்கும் அமைச்சனைப் போன்றது.

இப்பெட்டிக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு, ஆழ்ந்த தொடர்பே உண்டு. நடவுப்பொறி வயலில் இறங்கிய பின்னர் நடவுப் பாட்டும் குலவையும் தேய்ந்து வருகின்றன. அவற்றை முழுமையாக அறிந்த மூதாட்டியர் அருகி வருகின்றனர். பண்முறை வழுவாது தேவாரம் பாடும் ஓதுவார்களின் குரலும் ஒருநாள் ஓயும் குரலே. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர், பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடிக் கடைகின்றனர். அந்நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்குக் காப்புக் கிடைத்தது; அதன் ஒலிக்குக் காப்பு யாது?

இவ்வொலிகளைப் பதிந்து வைக்கப் பெருநகர்க்கு ஓடவேண்டிய நிலை இன்று இல்லை. குடந்தையிலோ மன்னார்குடியிலோ, ஒரு வீட்டின் பின்னறையில் கணிப்பொறியும் ஒலிவாங்கியும் கொண்டு இளைஞர் ஒருவரே பதிந்துவிடலாம். இடர் தொடங்குவதும் அவ்விடத்திலேதான்.

பதிந்தவர், பெட்டி வழியே கேட்டுத்தான் பதிவைத் திருத்துவர். அப்பெட்டி அறையின் மூலையில் கிடக்கிறது என்க. மூலைச் சுவர்கள் தாழ்ந்த ஒலியை மிகுத்துக் காட்டும் இயல்பின. தவிலின் தொப்பி அளவுக்கு மேல் முழங்குவதாக அவர் கருதுவார். பதிவில் அதனைக் குறைப்பார். பெட்டி சொன்னது பொய். கை செய்ததோ மெய்யான குறைப்பு. அப்பதிவு பிறிதோர் இடத்தில் ஒலிக்கும்போது தவில், தகரத்தைத் தட்டியது போல் இருக்கும். இங்ஙனம், பெட்டியின் பொய் தலைகீழாகப் பதிவில் ஏறி நிலைத்துவிடுகிறது. வாசித்தவர் இருக்கும்வரை மீண்டும் பதியலாம். அவர் மறைந்தபின் திருத்துவார் யார்? வருங்காலத்தார் அதனையே தவில் என்று நம்புவரன்றோ?

இசையில் இறுதித் தீர்ப்பு செவிக்கே உரியது என்பதைத் தஞ்சை முன்பே நிலைநாட்டியுள்ளது. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், குரல் முதல் அடுத்த குரல் வரை உள்ள இடைவெளியை 22 எனப் பகுத்த கொள்கையை மறுத்து, 24 அலகு எனக் காட்டினார். 1916இல் பரோடாவில் நிகழ்ந்த இசை மாநாட்டில் தம் மகளிரைப் பாடச்செய்து, அறிஞர் செவிமுன் அதனை மெய்ப்பித்தார். 'கருணாமிர்த சாகரம்' என்னும் தம் பெருநூலை, தஞ்சையில் தம் லாலி மின்விசை அச்சகத்திலேயே அச்சிட்டு 1917இல் வெளியிட்டார். ஓர் அலகின் நுண்மையைச் செவி உணரவேண்டுமாயின், இடையில் நிற்கும் பெட்டி கலங்கிய நீராக இருத்தல் ஆகாது.

இனி, அப்பெட்டியின் உள்ளமைப்பைக் காண்போர்க்குக் கல்லணை ஒன்றே போதிய உவமை. தமிழிசையில் தாழ்ந்த நிலையை மெலிவு என்றும், இடைப்பட்டதைச் சமன் என்றும், உயர்ந்ததை வலிவு என்றும் முன்னோர் வகுத்தனர். பெட்டியின் முகத்தில் உள்ள பெரிய கூம்பு மெலிவொலிப்பான். சிறிய குமிழ் வலிவொலிப்பான். பழைய முறையில், வெளியே உள்ள ஒரே மின்பெருக்கி எல்லா ஒலியையும் சேர்த்துப் பெருக்கி அனுப்பும். பெட்டிக்குள் வந்தபின்னரே அது இரண்டாகப் பிரியும். பெருக்கெடுத்த வெள்ளத்தை வயலுக்குள் வந்தபின் வரப்புக்கட்டிப் பிரிப்பது போன்றது அது. தன்விசைப் பெட்டிகளுள் பெரும்பாலானவற்றில், கல்லணையிற் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தலைமதகிலேயே நீர் பிரிவதுபோல், ஒலிக்குறி சிறிதாக இருக்கும்போதே பிரிகிறது. பின்னர் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி மின்பெருக்கி அமைகிறது. கூம்புக்கு ஏற்ற பெருக்கியைச் செய்தவரே அளந்து பொருத்திவிடுதலால், வாங்குவோர் பிழைபடச் சேர்க்கும் வாய்ப்பு இல்லை.

இத்தகைய பெட்டிக்குப் பெயர்பெற்ற நாடு பின்லாந்து. தம் மொழியைக் கண்ணெனக் காக்கும் சிறிய மக்கட்டொகையினர் பின்லாந்தர். அவர்தம் நாட்டு வானொலியின் தேவைக்காக, 1978இல் தொடங்கிய செனலெக் என்னும் குழுமம், எசு-30 என்னும் தன்விசைப் பெட்டியை உருவாக்கியது. தம் வானொலியில் தம் குரல் உள்ளவாறு ஒலித்தல் வேண்டும் என்று அவர்கள் விழைந்தனர். வல்லரசாக இருந்தால்தான் அரிய கருவி செய்ய இயலும் என்பார்க்கு இது தக்க விடை.

எத்துணைச் சிறந்த பெட்டியாயினும், வைக்கும் இடம் தவறின் அதுவும் பொய்யே கூறும். ஆதலின் வைக்கும் முறையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

இரு பெட்டிகளும் கேட்பவர் தலையும் மூன்று பக்கமும் ஒத்த முக்கோணமாக அமைதல் வேண்டும். பக்கம் ஒன்று ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை இருக்கலாம். அளக்கக் கொத்தனார் கையில் உள்ள நூலே போதும். வலிவொலிப்பான் செவியின் உயரத்தில் நிற்க, இரு பெட்டியும் கேட்பவரை நோக்கிச் சற்றே உள்திரும்பி இருத்தல் வேண்டும். இடப்பெட்டிக்கும் இடச்சுவருக்கும் உள்ள தொலைவே வலப்பக்கத்தும் இருத்தல் வேண்டும். மரப்பலகையின்மேல் நேரே வைத்தால் பலகையும் சேர்ந்து பாடும். செங்கல் அடுக்கி, மேலே கனத்த கல்லும் அதன்மேல் தடித்த தொய்வமும் இட்டு வைத்தால், பெட்டியின் அதிர்வு கீழிறங்காது.

பின்சுவர்த் தொலைவே பலரும் கவனியாதது. தஞ்சைக் கோடையின் வெம்மையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். பெட்டியின் முகம் சுவரினின்று அரை மீட்டர் தள்ளி நின்றால், சுவரில் மோதித் திரும்பும் அலை, நொடிக்கு 175 அதிர்வு உள்ள ஒலியை எதிர்த்து அழிக்கும். அவ்விடமோ ஆடவர் குரலின் அடித்தளம் நடமாடும் இடம். ஓதுவாரின் குரலில் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் தோன்றும். பதிபவர் அப்பள்ளத்தை நிரப்ப முயல்வார். குரல் பானைக்குள்ளிருந்து வருவதாக மாறிவிடும். சிற்றறையில் பெட்டியைச் சுவரை நெருங்கவைத்து, வெப்பம் வெளியேற நான்கு விரற்கிடை இடம்விட்டு, இடையே தடித்த பஞ்சணையை நிறுத்தினால் அப்பள்ளம் மேலேறி மெலியும். சுவரால் மிகும் மெலிவொலியைக் குறைக்கப் பெட்டியின் பின்புறத்திலேயே திருகு அமைந்திருப்பது வழக்கம். ஆயினும் மூலை மட்டும் ஆகாது.

பக்கச் சுவரில் எவ்விடத்தில் ஒலி மோதித் திரும்புகிறது என்று அறிய, முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். ஒருவர் இருக்கையில் அமர்க. மற்றொருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்துக. எவ்விடத்தில் பெட்டி கண்ணாடியில் தெரிகிறதோ, அவ்விடத்தில் இலவம்பஞ்சு மெத்தையைத் தொங்கவிடுக. முட்டைத் தட்டுகளை ஒட்டுவதால் பெரும்பயன் இல்லை. வைக்கோற் கட்டு ஒலியை நன்கு அடக்கும். ஆனால் எலியும் தீயும் அதனைத் தேடி வரும்.

அடுத்தது மின்விசை. தன்விசைப் பெட்டி ஒவ்வொன்றும் சுவரிலிருந்து நேரே மின் கொள்வது. பெட்டியின் பின்புறத்தே 115, 230 எனக் குறித்த மாற்றி இருப்பின், முதற்கண் அது 230 வோல்ட்டில் நிற்கிறதா என்று காண்க. காணாது செருகியவர் புகையைத்தான் காண்பர். கழனிகளில் நீரிறைக்கும் பொறி தொடங்கும்போது, ஓடும்போது கொள்வதினும் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை ஈர்க்கும். அந்நொடியில் அண்டை வீட்டு விளக்கும் மங்கும். அத்தகைய இடங்களில் மின்னழுத்தச் சீராக்கி இன்றியமையாதது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியம் எனப்படும் திருமறைக்காட்டருகே கசா புயல் கரையேறியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து, காவிரிக் கடைமடை ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. மின் தடைப்பட்டவுடன் செருகியைக் கழற்றிவிடுவதே அறிவுடைமை; மீண்டு வரும் மின் முதலில் சீறிப்பாயக்கூடும். சேம மின்கலத்தால் இயக்குவோர், மாற்றியின் மின்னலை தூய வளைவாக வருவதையே தேர்க. சதுர அலை தரும் மாற்றி, பெட்டியில் வண்டு முரல்வது போன்ற இரைச்சலைச் சேர்க்கும்.

இரைச்சலுக்கு மற்றுமொரு கரணியம், நிலக்கம்பி வழி சுற்றிவரும் மின்னோட்டம். இந்நாட்டு மின் நொடிக்கு 50 முறை சுழல்வது. மூன்றரை மீட்டர் நீளமுள்ள அறையும் அதே 50 அதிர்விற்கே ஒலித்து எழும் என்பது வியப்பு. கம்பியில் உள்ள சிறு முனகலை அறையே பேரோசையாக்கிக் காட்டும். கணிப்பொறி, ஒலிக்கலவைக் கருவி, இரு பெட்டிகள் ஆகிய யாவும் ஒரே சுவர்ச்செருகியிலிருந்து மின் கொள்வதும், ஒலிக்குறியை இரட்டைக் கம்பியில் எதிரெதிராகக் கொண்டுசெல்லும் மும்முனை வடத்தைப் பயன்படுத்துவதும் இதற்கு மருந்து. நிலக்கம்பி முனையை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்பார் சிலர். நிற்பது இரைச்சல் மட்டுமன்று. தொட்டவர் மூச்சும் நிற்கலாம். அதனை ஒருபோதும் செய்தல் ஆகாது.

இயக்கும் ஒழுங்கும் உண்டு. பிற கருவிகள் எல்லாம் எழுந்தபின் பெட்டிகள் இறுதியில் எழுக. அணைக்கும்போது பெட்டிகளே முதலில் அடங்குக. இம்முறை பிறழின், கருவிகள் எழுப்பும் அதிர்ச்சி கூம்பைத் தாக்கும். ஒலியின் அளவையும் ஒரு குறியில் நிறுத்துதல் நன்று. ஒலி தாழத் தாழச் செவி மெலிவொலியை மிகுதியாக இழக்கும் என்பதை 1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் அறிவியலார் அளந்து காட்டினர். நாளொரு அளவில் கேட்பவர் நாளொரு தீர்ப்பே கூறுவர். எல்லாம் அமைந்தபின், ஒரே குரலை இரு பெட்டிக்கும் ஒப்ப அனுப்புக. குரல் இரண்டுக்கும் நட்டநடுவே, காற்றில் நின்று பாடுவதுபோல் தோன்றின், அமைப்பு செவ்விது.

அவையீர்! இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நூலும், கண்ணாடியும், பஞ்சணையும், செங்கல்லும் எவ்வூரிலும் உண்டு. வேண்டுவது, கருவியின் இயல்பைத் தாய்மொழியில் தெளிந்த அறிவும், பொய்யை இனிமையென மயங்காத செவியும். ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்களும் பள்ளிகளும் ஓர் அறையை இங்ஙனம் ஒழுங்கு செய்தல் அரிதன்று. அவ்வறையில் முதலில் அமரவேண்டியவர், நடவுப் பாட்டு அறிந்த மூதாட்டியே. அவர் பாடி முடித்ததும் பதிவை அவருக்கே போட்டுக் காட்டுக. "இது என் குரல்தான்" என்று அவர் தலையசைத்தால் பெட்டி மெய் சொன்னது. "யாரோ பாடுகிறார்கள்" என்று அவர் கூறினால், பாட்டைத் திருத்தற்க. பெட்டியை இடம் மாற்றி வைக்க.

மெய்யொலி காப்போம் எனத் தமிழர் துணிக! வெல்க தமிழ்!