பெயர் தெரியாத பூண்டு



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்வோர், சிறிது நேரத்திலேயே பெரிய முதலியார்சாவடியைக் கடந்து போவர். கிழக்கே மீனவர் குடியிருப்பும் கடலும். மேற்கே ஆரோவில்லுக்கு ஏறிச் செல்லும் செம்மண் மேடு. பணி ஓய்வுக்குப் பின் நான் குடியிருப்பது அவ்வூரில்தான். அங்கே நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முடிந்த வேளை. வீடு கட்டுவதற்கென்று யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்மேட்டில் ஒரு செடி அடர்ந்து வளர்ந்திருந்தது. பிளவுபட்ட மெல்லிய இலைகள். உச்சியில் அரிசிக் குருணையைத் தூவினாற்போல் வெண்ணிறப் பூக்கள். பேருந்து நிறுத்தத்தில் பூக்கட்டி விற்கும் அம்மையார் ஒருவர் என்னை நிறுத்தி, "வாத்தியாரய்யா, இது என்ன செடி?" என்று வினவினார். நான் நின்று பார்க்கவில்லை. "மாசிபத்திரி போல இருக்கிறதம்மா" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். நாம் சொல்லும் "போல" என்ற சொல் கேட்பவர் காதில் தங்குவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். மாசிபத்திரி மாலைக்குச் சேர்க்கும் மணமுள்ள தழை. காசு கொடுத்து வாங்குவது. அது சாலையோரத்தில் இலவசமாகக் கிடைத்தால் எவர்தாம் விடுவர்? அவ்வம்மையார் நாள்தோறும் அதைப் பறித்து மாலையில் வைத்துக் கட்டினார். சில வாரங்கள் கழித்து நான் கண்டபோது அவர் விரலிடுக்கிலும் முன்கையிலும் கழுத்திலும் தோல் சிவந்து தடித்திருந்தது. "பூ வாடையே இல்லை ஐயா, அரிப்புதான் இருக்கிறது" என்றார். அன்றுதான் அச்செடியருகே குனிந்தேன்.

குனிந்தபின் நான் செய்தவற்றைச் சொல்கிறேன்; உங்களுக்குப் பயன்படலாம். கையில் நெகிழிப் பையை உறையாக மாட்டிக்கொண்டு, மூன்று செடிகளை வேரோடு எடுத்தேன். ஒரு செடியை அறிய அதன் ஒரு பருவத்தை மட்டும் பார்த்தல் போதாது. இளஞ்செடியோ தரையோடு தரையாகப் படிந்த இலைவட்டம். காரட்டுச் செடி என்றே எண்ணத் தோன்றும். சற்றே வளர்ந்தது நிமிர்ந்து, நீளவாக்கில் வரியோடிய தண்டும் நுண்ணிய மயிரும் கொண்டிருந்தது. மூன்றாவது இடுப்பளவு உயரம், பல கிளை, பூ நிறைய. மாசிபத்திரி இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். இதில் அது இல்லை. மாசிபத்திரியின் பூந்தலையில் புறத்தே இதழ்போன்ற கதிர்ப்பூக்கள் இரா. இதிலோ உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு சிறு பூந்தலையின் ஓரத்திலும் ஐந்து கதிர்ப்பூக்கள், ஐந்து மூலையில் காவல் நிற்பவைபோல் இருந்தன. ஐந்துக்கும் ஐந்து விதை. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அப்போதே உறுதியாயிற்று.

பிறகு நூல்களை நாடினேன். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிள் துரையின் சென்னை மாகாணத் தாவர நூலில் அதைக் காணவில்லை. திருச்சிராப்பள்ளி ராப்பினாட் உலர்தாவரக் கூடத்தை நிறுவிய அருட்தந்தை மாத்யூ, 1980களில் வெளியிட்ட நூலில் அது இருந்தது. பழைய நூலில் இல்லாமையும் ஒரு சான்றுதான், மாணவர்களே! இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இச்செடி நம் மண்ணில் குடிபுகுந்தது என்பதை அவ்வில்லாமையே எனக்குச் சொல்லிற்று.

அதன் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டரோபோரஸ். 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர். தாயகம் மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த வெப்ப அமெரிக்க நாடுகள். 1955-இல் புனே நகரத்துக் குப்பைமேடுகளில் கண்டறியப்பட்டு, மறு ஆண்டு ஆர். எஸ். ராவ் என்னும் தாவரவியலாளர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியாவுக்குப் புதிய செடி என எழுதினார். அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தின்கீழ் வந்த கோதுமையோடு வந்தது என்று பலரும் சொல்வர்; நானும் வகுப்பில் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். ஆயின் அத்திட்டத்தின்படி நம் நாடு ஒப்பந்தம் செய்துகொண்டது 1956 ஆகஸ்டில். செடி கண்ணில் பட்டதோ அதற்கு முந்திய ஆண்டு. அன்றியும், 1880-இல் பிராண்டிஸ் சேகரித்த மாதிரி ஒன்று டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. 1814-இல் வெளியான ராக்ஸ்பரோவின் கல்கத்தா தோட்டப் பட்டியலிலும் இதன் பெயர் உள்ளதென்று 2010-இல் எடுத்துக்காட்டினர். தானிய மூட்டைகள் அதனைப் பரப்பியிருக்கக்கூடும். முதன்முதல் கொணர்ந்தவை அவை என்பது பொருந்தவில்லை.

நான் தனியே உழன்றிருக்க வேண்டியதும் இல்லை. 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புதுச்சேரிக் கடற்கரையிலேயே உள்ளது; அங்கும் உலர்தாவரத் தொகுப்பு உண்டு. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பீட்டு நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. பூவும் காயும் இலையுமாகச் செடியைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, எடுத்த இடமும் நாளும் எழுதி அனுப்புதல் எந்த மாணவராலும் இயலும்.

இனி அந்த அம்மையாரின் கைக்கு வருவோம். இச்செடியின் நுண்மயிர்களில் பார்த்தெனின் என்னும் பொருள் உள்ளது. சிலருக்கு அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். செடியைத் தொடாமலே, காற்றில் வரும் அதன் தூசியாலும் நேரும். ஒருமுறை பற்றியது மறுமுறை எளிதில் பற்றும். இதை மேயும் மாட்டின் பால் கசக்கும். மருத்துவர் அவரிடம் எடுத்த எடுப்பில் கேட்டது, "என்ன செடியைத் தொட்டீர்கள்?" என்பதுதான். சரியான பெயரைச் சொல்ல நானும் உடன் சென்றேன். தடிப்பு அடங்கப் பல வாரங்கள் ஆயின. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் இப்போது எதைக் காட்டிக் கேட்டாலும், "போலவா ஐயா, அதேதானா?" என்று கேட்டுவிட்டே போகிறார்.

மண்மேட்டை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. ஆகவே பூப்பதற்கு முன் பிடுங்குதலே முறை. பூத்தபின் உலுக்கினால் நாமே விதைப்பவர் ஆவோம். கர்நாடகத்தில் 1983-இல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டினத்தைக் கொணர்ந்து, 1984-இல் பெங்களூரில் வயலில் விட்டனர். மழைக்காலத்தில் அது இச்செடியின் இலையைத் தின்னும். வறட்சி வந்தால் மண்ணுக்குள் உறங்கிவிடும். நமக்குக் கையெட்டும் பொருள் வேறொன்று இருந்தது. ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் சாதாரண உப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசலும் கலந்து செடி நனையத் தெளிக்கலாம் என்பது வேளாண்மை அறிஞர் சொல்லும் முறை. மரக்காணத்து உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஆயினும் அது பயிரில்லாத தரிசுக்கும் சாலையோரத்துக்கும் மட்டுமே ஏற்றது. எங்கள் மேட்டுக்கருகில் ஒரு தென்னந்தோப்பும் கிணறும் இருந்தமையால் அப்பக்கம் உப்பை அண்டவிடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு பிடுங்கினோம்.

அவ்வாண்டு மேடு வெறுமையாயிற்று. அடுத்த ஐப்பசி மழை பெய்த பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். காரட்டுச் செடிபோல், தரையோடு தரையாக, நாற்பத்திரண்டு இலைவட்டங்களை எண்ணினேன்.