ரசிகத்தனமும் அபிப்பிராயமும்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் வாலிபர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று வாலிபத் தோழர்கள் குறித்துக் கொடுத்திருக்கும் விஷயம், விஞ்ஞான நாவல்களைப் பற்றியும் ஹெவி மெட்டல் என்று சொல்லப்படும் மேல்நாட்டுச் சங்கீதத்தைப் பற்றியும் அவற்றின் ரசிகர்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயங்கள் என்பதாகும். இதைக் கேட்டவுடன் பெரியவர்கள் சிலர், "பட்டும் சரிகையும் விலை ஏறி, கூலி கட்டாமல் திண்டாடுகிற ஊரில் இதுவும் ஒரு பேச்சா?" என்று நினைக்கலாம். நினைப்பது நியாயந்தான். ஆனால் இது ஒரு நாவலையும் ஒரு பாட்டையும் மாத்திரம் பற்றிய விஷயமல்ல. ஒரு மனிதன் தனக்கென்று ஒரு அபிப்பிராயத்தை எப்படி அடைகிறான், அதற்கு விரோதமாக மற்றொருவன் பேசினால் என்ன செய்கிறான் என்பதைப் பற்றியது. பாட்டு விஷயத்தில் புத்தியை அடகு வைத்தவன் கூலி விஷயத்தில் மாத்திரம் அதை மீட்டுக் கொண்டுவந்து விடுவான் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

முதலாவது, ருசி வேறு, அபிப்பிராயம் வேறு. நம் ஊர்க் கோயில் இட்லியில் போடுகிற மிளகும் சுக்கும் ஒருவனுக்குப் பிடிக்கும், ஒருவனுக்குப் பிடிக்காது. இதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் "உலகத்தில் இதுதான் உயர்ந்த பலகாரம், இதை ஒப்பாதவன் முட்டாள்" என்று சொல்ல ஆரம்பித்தானானால், அப்போது அது ருசியல்ல, அபிப்பிராயம். அபிப்பிராயத்திற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு சேலையைக் கொண்டுவந்து, "இது சுத்தச் சரிகை" என்று ஒருவன் சொன்னால், அவன் நெற்றியையும் கடையின் பெயர்ப்பலகையையும் பார்த்தா நீங்கள் நம்புகிறீர்கள்? ஒரு இழையை உருவிச் சுரண்டிப் பார்க்கிறீர்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா, அதன்மேல் சுற்றியிருப்பது வெள்ளியா செம்பா என்று பார்க்கிறீர்கள். சரிகைக்குச் செய்கிற பரீட்சையைப் புஸ்தகத்துக்கும் பாட்டுக்கும் செய்யக்கூடாது என்று யார் சொன்னது?

முதலில் விஞ்ஞான நாவலை எடுத்துக்கொள்வோம். "நம் புராணத்திலே புஷ்பக விமானம் இல்லையா? அதுவும் விஞ்ஞானக் கதைதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை, தோழர்களே. புராணம் "நம்பு" என்கிறது. விஞ்ஞானக் கதை "இப்படி இருந்தால் என்ன ஆகும், யோசித்துப் பார்" என்கிறது. முன்னதில் கேள்வி கேட்பது பாவம். பின்னதிலோ கேள்வி கேட்காவிட்டால் கதையே இல்லை.

1818ல் மேரி ஷெல்லி என்ற இருபது வயதுப் பெண் "பிராங்கன்ஸ்டைன்" என்ற நாவலை வெளியிட்டார். ஒரு விஞ்ஞானி உயிரை உண்டாக்கி விட்டு, உண்டாக்கியதற்குப் பொறுப்பேற்காமல் ஓடிப்போனால் என்ன ஆகும் என்பது அதிலுள்ள கேள்வி. 1905ல் நம் சென்னையில் வெளிவந்த ஒரு ஆங்கில மாதர் பத்திரிகையில், வங்காளத்து முஸ்லிம் பெண்ணாகிய ரொக்கேயா "சுல்தானாவின் கனவு" என்ற கதையை எழுதினார். அந்த நாட்டில் பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு சமைக்கிறார்கள், ஆகாயத்தில் வண்டி ஓட்டுகிறார்கள், ராஜ்யம் ஆளுகிறார்கள். ஆண்களெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள்! பெண் வீட்டுக்குள் இருப்பது இயற்கை என்பவனுடைய வாயை அடைக்க இதைவிட வேறு பிரசங்கம் வேண்டுமா?

இன்னொன்று. "ரோபோ" என்கிறோமே, அந்தச் சொல் 1920ல் காரெல் சாப்பெக் என்ற செக் நாட்டு ஆசிரியர் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. அவர்கள் பாஷையில் அதன் மூலச் சொல்லுக்கு எஜமானனுக்குக் கூலியில்லாமல் செய்கிற கட்டாய வேலை என்று பொருள். அதாவது நம் கிராமங்களில் சொல்லுகிற வெட்டி வேலை! வெட்டி வேலை செய்யவே ஒரு ஜாதியை உண்டாக்கி வைத்தால், அது ஒரு நாளைக்கு எழுந்து நிற்குமா நிற்காதா என்பதுதான் அந்த நாடகம்.

"இதெல்லாம் படித்தவர்கள் சங்கதி, தறிக்காரன் மகனுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள், தறிக்கு மேலே நிமிர்ந்து பார்க்கட்டும். ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றனவே, அந்த முறையை பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் திருத்தமாக அமைத்தார். ஓட்டை இருந்தால் ஒரு கட்டளை, இல்லாவிட்டால் வேறு கட்டளை. இதே அட்டைகளைக் கொண்டு கணக்குப் போடுகிற இயந்திரம் ஒன்று செய்யலாம் என்று இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டம் போட்டார். கம்ப்யூட்டரின் பாட்டனார் உங்கள் வீட்டுத் தறியில் தொங்கிக் கொண்டிருக்கும்போது, விஞ்ஞானக் கதை நமக்கு அந்நியம் என்று சொல்வது தன் வீட்டுக் கதவையே அந்நியம் என்பது போலாகும்.

இனி ஹெவி மெட்டல். கனத்த உலோகம் என்று பொருள். பெயருக்கேற்றபடி அது இரும்புப் பட்டறையிலிருந்தே வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்பது தொழிற்சாலை நகரம். அங்கே தகரப் பட்டறையில் வேலை செய்த டோனி அயோமி என்ற பையனுக்கு, 17 வயதில் இயந்திரத்தில் கை அகப்பட்டு இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. கிதார் வாசிக்க முடியாது என்றார்கள். அவன் தலைவிதி என்று உட்காரவில்லை. ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டு வாசித்தான். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினான். கனத்த, தாழ்ந்த ஒரு நாதம் பிறந்தது. 1970ல் அவனும் அவன் தோழர்களும் "பிளாக் சாபத்" என்ற பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் வந்த இரண்டாவது தட்டில், ஏழைகளை யுத்தத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்ளும் தலைவர்களைக் கண்டித்து ஒரு பாட்டும், வருங்காலத்துக்குப் போய் உலகத்தின் அழிவைக் கண்டு திரும்பும் வழியில் இரும்பாகிப் போன ஒரு மனிதனைப் பற்றி ஒரு பாட்டும் இருக்கின்றன. பின்னது முழு விஞ்ஞானக் கதை.

இதை நம் பெரியவர்கள் "வெறும் சத்தம், பேய்க் கூச்சல்" என்கிறார்கள். கேட்டுவிட்டுச் சொன்னால் ஆட்சேபமில்லை. கேளாமலே சொல்கிறார்கள். பறையை இதே வாயால்தானே சத்தம் என்றார்கள்? பறையில் குற்றமா, அடிக்கிறவன் ஜாதியைப் பார்த்துக் கேட்ட காதில் குற்றமா? 1889ல் பிறந்து 1934ல் மறைந்த நம் ஊர் நாயனாப் பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளக்காரர்களை வரிசையாக உட்கார வைத்து "புல் பெஞ்ச்" கச்சேரி செய்தவர். கனத்த தாளம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல.

கேளாமல் கண்டிப்பது நம் நாட்டு வியாதி மாத்திரமுமல்ல. 1985ல் அமெரிக்க செனட் சபைக் கமிட்டியின் முன்பு, இப்பாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று விசாரணை நடந்தது. ஒரு பாட்டு பிறரை வதைத்து இன்பம் காண்பதைப் பற்றியது என்று குற்றஞ்சாட்டப்பட்டது. பாடிய டீ ஸ்னைடர் நேரில் வந்து, அது தங்கள் கூட்டத்துக் கிதார்க்காரருக்கு நடந்த தொண்டை ஆப்பரேஷனையும் அந்தப் பயத்தையும் பற்றியது என்று சொன்னார். விஞ்ஞான நாவல்காரர்களும் இதற்கு விலக்கல்ல. 1965ல் வந்த "டியூன்" என்ற பெரிய நாவலைப் படித்து அதன்பேரில் பாட்டுக் கட்டிய "அயர்ன் மெய்டன்" கூட்டத்தார், 1983ல் அந்தப் பெயரையே பாட்டுக்கு வைக்க அனுமதி கேட்டார்கள். ஆசிரியர் பிராங்க் ஹெர்பெர்ட்டுக்கு இந்த மாதிரிச் சங்கீதம் பிடிக்காது என்று பதில் வந்ததாம். பாட்டு வேறு பெயரில் வெளிவந்தது.

நிற்க. எதிரிகளைப் பற்றிச் சொன்னேன். இனி ரசிகர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் யோக்கியனல்ல.

நம் வரதராஜப் பெருமாள் கோயிலில், யானையின் நெற்றிக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். யார் முதலில் பாசுரம் ஓதுவது என்ற வழக்கு 2022ல்கூட சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. இதைக் கேட்டுச் சிரிக்கிற வாலிபனே, அடுத்த நிமிஷத்தில், "த்ராஷ்தான் உண்மையான மெட்டல், மற்றதெல்லாம் போலி" என்கிறான். எதிரே இருப்பவன் "பிளாக் மெட்டல் கேளாதவன் ரசிகனே அல்ல" என்கிறான். நாவல் வாசகரிலும், கணக்கும் பௌதிகமும் நிறைந்ததே விஞ்ஞானக் கதை என்று ஒரு கலை. மனிதரையும் சமூகத்தையும் பேசுவதே உயர்ந்தது என்று மற்றொரு கலை. யானை ஒன்றுதான் குறை!

சினிமாவைப் பாருங்கள். 2010ல் "எந்திரன்" வந்தது. மனிதன் செய்த இயந்திரத்தைப் பற்றிய கதை. அதற்குக் கட்டவுட் வைத்து ரசிகர்கள் பாலாபிஷேகம் செய்தார்கள். விஞ்ஞானக் கதைக்கு அபிஷேகம்! அந்தப் படத்தின் வசனத்தில் பங்குகொண்டு, படம் வருமுன்பே 2008ல் மறைந்த சுஜாதா, 1980களில் "என் இனிய இயந்திரா" என்ற நாவலை எழுதினார். அதில் நாடே "ஜீவா" என்ற தலைவனைக் கும்பிடுகிறது. கடைசியில் அப்படி ஒரு ஆளே கிடையாது, ஒளியால் உண்டாக்கிய பொய்யுருவம் என்று வெளியாகிறது. இதைப் படித்துக் கைதட்டிய வாசகரிலேயே, சுஜாதாவின் எழுத்தில் ஒரு குறை சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கதை அவர்களுக்கு எங்கே போய்ச் சேர்ந்தது?

இதைவிடக் கடினமான ஒரு சங்கதியும் உண்டு. நார்வே தேசத்தில் 1992 முதல் பழைய மர மாதாகோயில்கள் சில எரிக்கப்பட்டன. பிளாக் மெட்டல் பாட்டுக்காரர் சிலர் அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள்; ஒருவர் 1994ல் கொலைக்கும் சேர்த்துத் தண்டனை பெற்றார். "அவர்கள் மதத்தை எதிர்த்தவர்கள்" என்று இங்கே சில வாலிபர்கள் பரிந்து பேசுகிறார்கள். தோழர்களே! கோயிலில் நமக்கு நம்பிக்கையில்லை என்பதற்காக, தீ வைத்தவன் நம்மவனாகி விடுவானா? நெருப்புப் பெட்டியை எடுத்தவன் வாதத்தைக் கைவிட்டவன். பாட்டு நன்றாயிருந்தால் பாட்டு நன்றாயிருக்கிறது என்று சொல். செய்தவன் குற்றவாளியானால் குற்றவாளி என்றும் சொல். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாதவன் ரசிகனல்ல, பக்தன்.

அப்படியானால் ரசிகர்களின் அபிப்பிராயத்தால் பிரயோஜனமே இல்லையா? ஏராளமாக உண்டு. 1926ல் அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஆரம்பிக்கப்பட்ட "அமேசிங் ஸ்டோரீஸ்" பத்திரிகை, வாசகர் கடிதங்களை விலாசத்தோடு அச்சிட்டது. வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், சங்கம் கூடினார்கள். எந்தக் கதையில் விஞ்ஞானம் பிசகு, எதில் புளுகு அதிகம் என்று தாட்சண்யமில்லாமல் எழுதினார்கள். அப்படிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிய பையன்களில் ஒருவரான ஐசக் அசிமோவ் பின்னால் உலகறிந்த ஆசிரியரானார். வாசகன் குறை சொன்னதால் இலக்கியம் சாகவில்லை, வளர்ந்தது.

பாட்டிலும் அப்படியே. "மெட்டாலிகா" கூட்டத்தார் 1982ல் ஒரு காசெட்டில் பாடி வெளியிட்டதை, ரசிகர்களே பிரதி எடுத்துக் கைக்குக் கை மாற்றிப் பரப்பினார்கள். அதே கூட்டத்தார் 2000ல், தங்கள் பாட்டைக் கம்ப்யூட்டர் வழியாக இலவசமாகப் பரப்புகிறது என்று நாப்ஸ்டர் கம்பெனியின்மேல் வழக்குப் போட்டார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "பிரதி எடுத்து வளர்த்தவர்கள் நாங்கள்" என்றனர் ஒரு சாரார். "உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?" என்றனர் மறு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. தன் சேலையின் மாதிரியை விசைத்தறிக்காரன் திருடி நெய்வதைப் பார்த்து வயிறெரிகிற நெசவாளி, இந்த வழக்கை யாரைவிடவும் நன்றாக விசாரிப்பான். தன் அனுபவத்திலிருந்து காரணம் எடுத்துப் பேசுகிறவனுடைய வார்த்தைக்கே அபிப்பிராயம் என்று பெயர்.

ஆகவே வாலிபத் தோழர்களுக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான். படிக்காத நாவலைப் பற்றியும் கேளாத பாட்டைப் பற்றியும் வாய் திறவாதீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த நாவலில் ஒரு குறையையாவது உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு பாவாக இருந்தாலும், கோர்த்த இடம் பிரியாமல் நிற்கிறதல்லவா? நல்ல விஞ்ஞானக் கதையில் விஞ்ஞானமும் மனித வாழ்வும் அப்படிக் கோர்த்திருக்க வேண்டும். இழுத்துப் பாருங்கள். பிரிந்து வந்தால், எழுதியவர் எவ்வளவு பெரியவரானாலும் சேலை மட்டம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பையன் காதில் குழாயை மாட்டிக்கொண்டு தறிக்குழியில் உட்கார்ந்தால் கோபப்படாதீர்கள். என்ன கேட்கிறாய், அது ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள். பெண் பிள்ளை விஞ்ஞானக் கதை படித்தால் அதைப் பிடுங்காதீர்கள். ரொக்கேயாவும் அப்படி ஒளித்து வைத்துத்தான் ஆங்கிலம் கற்றவர். அவர்கள் காரணம் சொன்னால் உங்களுக்கு ஒரு புதிய விஷயம் தெரியும். சொல்லத் தெரியாவிட்டால் யோசிக்க ஆரம்பிப்பார்கள். இரண்டும் குடும்பத்துக்கு லாபமே.

நான் இவ்வளவு நேரம் சொன்னதும் ஒரு அபிப்பிராயந்தான். இதையும் ஒரு இழை உருவிச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். செம்பாக இருந்தால், இந்த மேடையிலேயே ஏறி வந்து சொல்லுங்கள்.