எந்த வீட்டு அடுப்பு?



தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். வரிசையில் பத்து வீடுகள் இருந்தாலும் அவற்றைக் கட்டிய படம் ஒன்றே. அதே முன்வாசல், அதே அறை, பின்னால் அதே சமையற்கட்டு. ஆனாலும் நம் வீட்டு அடுப்பை மூட்டினால் பக்கத்து வீட்டு உலை கொதிப்பதில்லை. இந்தச் சிறு விவரம் விளங்காமல், கணினிக் கல்வி பயிலச் சென்ற நம் பிள்ளைகளில் சிலர், "இது நமக்கு வராது" என்று முதல் தவணையிலேயே மனம் சோர்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஜாவா என்னும் கணினி மொழி 1995-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 'கிளாஸ்' என்பது வீட்டுப் படம் போன்றது. படத்தைப் பார்த்துக் கட்டிய ஒவ்வொரு வீடும் ஓர் 'ஆப்ஜெக்ட்'. அடுப்பு மூட்டுதல், விளக்கேற்றுதல் போன்ற வேலைகள் 'மெத்தட்' எனப்படும். 1997-இல் வந்த 1.1 பதிப்பில், ஒரு கிளாஸுக்குள் இன்னொரு கிளாஸை எழுத வழி செய்தார்கள். வீட்டுப் படத்தாளிலேயே சமையற்கட்டின் படத்தையும் தனியாக வரைந்து வைப்பது மாதிரி.

பிள்ளை தடுமாறுவது இங்கேதான். "உள்ளே தானே இருக்கிறது, வெளிக் கிளாஸின் மெத்தட்டை ஏன் கூப்பிட முடியவில்லை?" என்று கேட்பான். 'ஸ்டேட்டிக்' என்ற சொல்லைப் போட்டு எழுதிய உள் கிளாஸ் படத்தாளைச் சேர்ந்தது. எந்த வீட்டையும் சேர்ந்ததன்று. 'பிரைவேட்' என்று மறைத்து வைத்ததைத் தொடவும் அதற்கு உரிமை உண்டு. ஆனால் "அடுப்பை மூட்டு" என்றால், எந்த வீட்டு அடுப்பை? நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுப்பது உரிமை இல்லை என்பதற்காக அன்று. வீட்டைக் குறிப்பிடவில்லை என்பதற்காக. வீட்டைச் சுட்டிச் சொன்னால் மறுபேச்சு இல்லை.

'ஸ்டேட்டிக்' போடாத உள் கிளாஸோ ஒரு குறிப்பிட்ட வீட்டோடு ஒட்டியே பிறக்கிறது. ஆகையால் அந்த வீட்டு மெத்தட்டை வெறும் பெயர் சொல்லியே அழைக்கலாம். ஆனால் வீட்டைக் கட்டாமல் சமையற்கட்டை மட்டும் கட்ட முடியுமா? நிரல் தொடங்கும் இடமான 'மெயின்' மெத்தட் வழக்கமாக ஸ்டேட்டிக்காகவே எழுதப்படுகிறது. அதற்கென்று ஒரு வீடு கிடையாது. அங்கிருந்து நேராக இத்தகைய உள் கிளாஸை உருவாக்கப் பார்த்தால் பிழைச் செய்தி வரும். முதலில் வீடு, பிறகுதான் அடுப்படி.

இன்னொரு கண்ணியும் உண்டு. உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயரில் மெத்தட் இருந்தால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைத்துவிடும். நாம் கொடுக்கும் விவரங்கள் உள் மெத்தட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் கம்பைலர் வெளியே போய்த் தேடாது. தேர்ந்தவர்களும் இதில் விழுவார்கள்!

எல்லா மொழிகளும் ஒரே சட்டம் வைத்திருப்பதில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியின் 1998-ஆம் ஆண்டுத் தரவிதி, உள் கிளாஸுக்கு வெளிக் கிளாஸின் மறைபொருளைத் தொட உரிமை தரவில்லை. 2011-ஆம் ஆண்டுத் தரவிதி அதைத் தந்தது. ஆகவே பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கும் பிள்ளை குழம்பினால் குற்றம் அவனுடையதன்று.

பிள்ளை இரவில் திரையைப் பார்த்தபடி திகைத்து உட்கார்ந்திருந்தால், பெற்றோர் அருகில் சென்று, "ஏம்பா, இது எந்த வீட்டு அடுப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வரிக்கு முன்னால் அவன் ஒரு வீட்டின் பெயரை எழுதிப் பார்க்கட்டும்.